மஞ்சள் முடிக்கலவை

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

பதினொரு வருஷம் கழித்து ‘நலமா’ என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன், நலமா? உன் விலாசத்தை உன் தம்பி மனைவியிடம் கெஞ்சி வாங்கினேன்.

பட்டறை அதே மாடியில்தான் இருக்கிறது. டிரவுட் மீன் தூண்டிலுக்குப் போலிப் பூச்சி கட்டுகிறவர்கள் இப்போது ஒன்பது பேர். நீ போன பிறகு கலவை அறையை என்னிடம்தான் கொடுத்தார்கள். உனக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன், ஒளிப்பானேன். ஆற்று மீன்பிடிச் சங்கம் ஒன்று பழைய மாதிரிப் பூச்சிகள் நூறு டஜன் கேட்டிருக்கிறது. மாதிரிக்கு ஒரு பூச்சியும் அனுப்பியிருக்கிறார்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதன் உடம்பில் சுற்றியிருப்பது உன் மஞ்சள் முடிக்கலவை. நானும் நான்கு தரம் கலந்து பார்த்துவிட்டேன். காய்ந்திருக்கும்போது அச்சு அசல் அதேதான். தண்ணீரில் போட்டால் சேறு. முதலாளி பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

மனமிருந்தால் அளவு எழுது. மனமில்லாவிட்டாலும் இரண்டு வரி எழுது.

இப்படிக்கு,
மெழுகு
(நூலுக்கு மெழுகு தேய்த்துத் தேய்த்து, நீ வைத்த பெயர்தான். இங்கே இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.)

மார்ச் 12

அடி மெழுகு,

காரியம் இருந்தால்தான் கடிதமா? போகட்டும், காரியமாவது இருந்ததே.

நான் நலம். அவருக்கு முழங்கால் வலி. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவள் மாமியார் ஒரு நாள், “சம்பந்தி, முன்ன என்ன வேலை பாத்தீங்க?” என்று கேட்டாள். “கொக்கியில முயல் முடியச் சுத்தி பூச்சி மாதிரி செய்வோம். மீன் நிஜம்னு நம்பிக் கடிக்கும்” என்றேன். “மீனை ஏமாத்துறதுக்கு ஒரு கம்பெனியா!” என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் சொல்வதை எல்லாம் சந்தேகமாகத்தான் கேட்கிறாள்.

அளவில் ரகசியம் ஒன்றுமில்லை. மஞ்சள் சாயமிட்ட ஆட்டுக்குட்டி முடி மூன்று பங்கு. முயல் முகத்தோலில் காதின் அடியில் இருக்கும் முடி ஒரு பங்கு. கன்னத்து முடியை எடுக்காதே, அது நீரில் கறுக்கும். நரியின் அடிமுடி ஒரு சிட்டிகை. மிக்ஸியில் போட்டு அரைத்திருப்பாய், எனக்குத் தெரியாதா உன்னை? முடி பொடியாகிவிட்டால் சேறாகாமல் என்ன ஆகும்? அகன்ற வாய் ஜாடியில் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு சோப்பு விட்டுக் குலுக்கு. வடிகட்டி, செய்தித்தாளில் பரப்பிக் காயவை. கட்டுகிறவர்களிடம் அடியில் மஞ்சள் பட்டுநூல்தான் என்று சொல். நனைந்தால் நூலின் நிறம் முடியின் வழியே மேலே வரும்.

சாயத்தை மட்டும் நீ பார்த்துக்கொள். அதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

அன்புடன்,
நெட்டை

மார்ச் 21

அன்புள்ள நெட்டை,

மிக்ஸியை எப்படியடி கண்டுபிடித்தாய்? படித்துவிட்டு ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

நீ சொன்னபடியே கலந்தேன். கண்ணாடித் தம்ளரில் போட்டு சன்னலில் வைத்து, மீன் பார்ப்பதுபோல் கீழே குனிந்து பார்த்தேன். முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக மினுங்கிற்று. முதலாளியும் குனிந்து பார்த்தார். “இது அவங்க கலவைதான்” என்றார். உன்னைப் பற்றி அவர் பேசி எத்தனையோ வருஷம் ஆயிற்று. சங்கத்துக்கு மாதிரி அனுப்பிவிட்டோம்.

உங்கள் ஊரிலேயே ஒரு பூச்சிப் பட்டறை இருக்கிறது, கலவைக்கு ஆள் கேட்டு உன் வீட்டுக்கே வந்தார்கள், நீ கதவருகிலேயே வேண்டாம் என்று அனுப்பிவிட்டாய் என்று உன் தம்பி மனைவி சொன்னாள். ஏன்? தகுதியில்லை என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன பேச்சு?

மெழுகு

ஏப்ரல் 2

மெழுகு,

தெரிந்துகொண்டே கேட்கிறாய். இருந்தாலும் கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

பதினொரு வருஷத்துக்கு முன், நம் மஞ்சள் முடியில் கட்டிய பூச்சிகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். ஆற்றில் இரண்டு தரம் வீசியதும் மஞ்சள் போய் வெளுத்துவிட்டதாம். சாயம் பிடிக்க வினிகர் வேண்டும், வினிகர் இல்லாவிட்டால் முடியில் நிறம் நிற்காது, இது பட்டறையில் கூட்டுகிறவளுக்கும் தெரியும். “சாயம் யார் பொறுப்பு?” என்று முதலாளி கேட்டார். என் பொறுப்பு என்றேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

சாயம் போட்ட அன்று நான் முயல்தோல் பொறுக்கத் தோல் மண்டிக்குப் போயிருந்தேன். போகும் முன் வினிகரை அளந்து, குவளையில் வைத்துவிட்டுத்தான் போனேன். நீ ஊற்றினாய். அப்படியானால் நான் அளந்ததில்தான் பிழை. பக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் இருந்தது, இரண்டும் ஒரே மாதிரி. ஏதோ நினைப்பில் தண்ணீரை அளந்திருக்கிறேன். முகர்ந்து பார்த்த ஞாபகம்கூட இருக்கிறது. ஆனால் ஞாபகத்தை என்ன நம்புவது?

அன்றிலிருந்து உப்புப் போட்டேனா என்று மூன்று தரம் ருசி பார்க்கிறேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறேன். அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பதைக்கூட மகளிடம் விட்டிருந்தேன், இப்போது பக்கத்து வீட்டுப் பெண் வருகிறாள். தன் கையையே நம்பாதவள் பிறர் பட்டறையில் போய் என்ன கலப்பது?

இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம் சொன்னதில் கொஞ்சம் பாரம் குறைந்தது.

நெட்டை

ஏப்ரல் 19

நெட்டை,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

நீ தண்ணீரை அளக்கவில்லை. வினிகரைத்தான் அளந்து வைத்திருந்தாய். நான்தான் ஊற்றவில்லை.

உனக்கு நினைவிருக்கும், அன்று மதியம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. என் சின்னவள் மாடிப்படியில் விழுந்து நெற்றி உடைந்துவிட்டது, தையல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். இவர் அங்கே போய்விட்டார். அடுத்த தகவல் வரும்வரை நான் தொலைபேசி பக்கத்திலேயே நின்றேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் சாயப் பானை நினைவு வந்தது. முடியை எடுத்து அலசினால் மஞ்சள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் குவளை நிறைய வினிகர்.

மறுபடி பானை ஏற்றினால் நீ வந்து கேட்பாய் என்று பயம். அலசுவதை நிறுத்தி, அப்படியே காயப் போட்டேன். குவளையைத் தொட்டியில் கவிழ்த்தேன். சாயந்திரம் நீ வந்து, “ஊத்திட்டியாடி?” என்று கேட்டாய். “ஊத்தியாச்சு” என்றேன். ஊற்றியது உண்மை. சாக்கடையில்.

பெட்டிகள் திரும்பி வந்தபோது நான் உனக்கு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ என் பெயரைச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் உன் அறைச் சாவியைக் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை, மேசையில் எல்லோரும் இருக்கும்போது முதலாளியிடம் சொல்லிவிட்டேன். “இத்தனை வருஷம் எப்படிங்க இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கட்டுகிற மேசையில்தான் இருக்கிறேன். நீ வருவதானால் அறை உனக்குத்தான் என்று எழுதச் சொன்னார்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை.

மெழுகு

மே 6

மெழுகு,

கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. அது உனக்கு ஆச்சரியமாக இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. அளந்தது சரி, அளந்தது சரி என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே சொன்னேன். “யாரோட பேசுற?” என்று அவர் கேட்டார். அவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

கோபம் மூன்றாம் நாள் வந்தது. இன்னும் இருக்கிறது.

அறை வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிடு. அந்தப் படியில் நான் ஏறமாட்டேன். இந்த ஊர்ப் பட்டறைக்கு நானே நடந்து போய்க் கேட்டேன். வரும் வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை அவருக்கு மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு தரம்தான் பார்த்தேன்.

நீ மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னது பெரிய காரியம். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அளவு கேட்காமல் இருந்திருந்தால், சங்கத்துக்காரர்கள் வேறு பூச்சி கேட்டிருந்தால், நீ சொல்லியிருப்பாயா என்று யோசிக்கிறேன். எழுதும்போது பார், ‘நான் அளவு கேட்காமல்’ என்று வந்துவிட்டது. கேட்டது நீ. எல்லாவற்றையும் என்மேல் போட்டுக்கொண்டே பழகிவிட்டது எனக்கு. திருத்தாமல் அப்படியே விடுகிறேன், நீயும் பார்.

சின்னவள் விழுந்தது எனக்கு அன்று இரவே தெரியும். மறுநாள் வந்து பார்த்தேனே, என் மடியில்தான் தூங்கினாள். அப்போது சொல்லியிருக்கலாம். ஏண்டி, பிள்ளைக்கு அடிபட்டால் எவளுக்கு வினிகர் நினைவிருக்கும்? “போனால் போகுது” என்று சொல்லி, முடியை மறுபடி பானையில் போட்டிருப்பேன். ஒரு நாள் வேலை. ஒரே ஒரு நாள் வேலை, மெழுகு.

இனி எனக்கு எழுதாதே. எழுதத் தோன்றினால் நான் எழுதுகிறேன்.

சின்னவளுக்கு என் ஆசிகள்.

நெட்டை