பதினோரு மணி இனிப்பு

நேற்று எதிர்வீட்டுக் கல்யாணத் தாம்பூலப் பையில் இரண்டு மைசூர்பாகு இருந்தது. வீட்டுக்கு வந்து புடவைகூட மாற்றவில்லை, கை தானாக அவற்றை எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டது. கதவைச் சாத்திய பிறகுதான் யாருக்காக வைத்தேன் என்று யோசித்தேன். இன்று பதினோரு மணிக்குத் தறியை விட்டு எழுந்து ஒன்றை எடுத்தேன். மேலே நெய் வெள்ளையாகப் படிந்து, கத்தி இறங்காத கெட்டி. கடித்ததும் பல் கூசிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்லா வேணும்" என்று சிரிக்க ஆளில்லை. இன்னொன்றை அப்படியே வைத்துவிட்டேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் காரியம் முடிந்த அன்று உன் மருமகள் என்னை ஒன்று கேட்டாள். நான் பொய் சொன்னேன், அந்தப் பெண் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. முதலில் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

புடவையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். என் வீட்டுக்காரர் நெய்தவரை கரைப் பக்கத்து நூலைக் கொண்டோடும் நாடாக்கட்டையை நான் தள்ளினேன். அவர் போன பிறகு அவர் இடத்துக்கு நான் நகர்ந்தேன், என் இடத்துக்கு இரண்டு தெரு தள்ளியிருந்து நீ வந்தாய். பத்து வருடம். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகக் கிடந்தவளுக்கு, நாள் முழுக்கக் கேட்ட மனிதக் குரல் உன்னுடையது ஒன்றுதான். அதிலும் பாதி வம்பு.

ஒரு சித்திரை மாதம் நீ மடியில் கட்டி வைத்திருந்த சாக்லேட் இளகி, அந்த விரலோடு தறியில் விரித்திருந்த பாவு நூலைத் தொட்டுவிட்டாய். சந்தன நிறப் பட்டு. கறை பொட்டு அளவுதான், ஆனால் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் கண்ணுக்கு அதுவே பூசணிக்காய். முதலாளியிடம் இரண்டு பேரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். மறுநாள் நீ வந்ததும் வராததுமாக என் ஃப்ரிட்ஜைத்தான் திறந்தாய்.

"கல்லு மாதிரி ஆக்கிட்டா கையில ஒட்டாதுக்கா. வாயில போட்டுக்கினு வேலையப் பாக்கலாம்."

"ஏன்டி, இனிப்பு இல்லாம உனக்கு நாடா ஓடாதா?"

"ஓடும். நாள் பூரா உன் மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கணுமே, அதுக்குத்தான்."

அப்படி ஆரம்பித்ததுதான் நம் பதினோரு மணி. நீ எதையும் விட்டுவைக்கவில்லை. குலாப் ஜாமூனைக் கரண்டியால் உடைத்தாய். ஜாங்கிரி கண்ணாடி வளையல் மாதிரி நொறுங்கியது. கடலை மிட்டாயை மட்டும், "இது ஏற்கெனவே கல்லுதான்" என்று தள்ளிவிட்டாய். தேன் மிட்டாய்க்குத்தான் முதல் மரியாதை. மேல்தோல் மொறுக்கென்று உடைந்து, உள்ளே பாகு இளகுவதற்கு அரை முழம் நெய்துவிடலாம் என்பாய். அளந்து பார்த்தேன், நான்கு விரல்கூட வரவில்லை.

பங்குனித் திருவிழாவில் பஞ்சு மிட்டாய் வாங்கி அதையும் உள்ளே வைத்தாயே! மறுநாள் எடுத்தால் தலையணை அளவு இருந்த மிட்டாய் கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. "ஐயோக்கா, எவ்ளோ பெருசு இருந்துச்சு, யாருக்கா துன்னது?" என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தாய். பிறகு அந்தக் கோலிக்குண்டையும் வாயில் போட்டுக்கொண்டாய். அன்று சிரித்த சிரிப்பில் நூல் அறுந்தது. அப்படி ஒரு சிரிப்பு எனக்கு அதற்குப் பிறகு வரவில்லை.

இதில் உன் தத்துவம் வேறு. "நாக்கு மரத்துப்பூடுது பாரு. இனிப்பு உள்ள போனதே ஒடம்புக்குத் தெரியாதுக்கா." குளிர்ந்த இனிப்பு நாக்குக்குக் கொஞ்சம் மட்டாகத்தான் தெரியும். உடம்பு ஏமாறவில்லை.

போன வருடம் மிதிக்கட்டை இடித்து உன் கால் கட்டைவிரலில் ஒரு சிராய்ப்பு. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு பத்து நாள் நொண்டி நொண்டி வந்தாய். பதினோராம் நாள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கால் கட்டுக்குள் இருந்தது, காய்ச்சலில் முகம் சுருங்கியிருந்தது. நான் குனிந்ததும் காதருகே, "ஃப்ரீசர்ல கீறது என் பங்கு. துன்னுடாத" என்றாய். நர்ஸுக்குக் கேட்காமல் இருவரும் சிரித்தோம். அந்த வாரமே முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். உன் மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வீட்ல காப்பிக்குக்கூட சக்கரை போடறதில்ல பெரிம்மா. ரெண்டு வருஷமா மாத்திர சாப்ட்டுக்கினுதான் இருந்தாங்க. அப்புறம் எப்படி அவ்ளோ ஏறிச்சு? அத்தைக்கு சுகர் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

"தெரிஞ்சிருந்தா நீங்க இனிப்பு துன்ன உட்டிருக்க மாட்டீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எனக்குத் தெரியும். ஒன்றரை வருடமாகத் தெரியும். ஒரு நாள் நீ பின்கட்டுக்குப் போனபோது கத்தரி தேடி உன் கூடைக்குள் கைவிட்டேன். மாத்திரை அட்டை கையில் வந்தது. என் வீட்டுக்காரர் கடைசிவரை விழுங்கிய அதே மாத்திரை, அட்டையைப் பார்த்தாலே போதும். திரும்ப அடியில் செருகிவிட்டு உட்கார்ந்தேன். பதினோரு மணி ஆயிற்று. வழக்கம்போல எழுந்துபோய்த் தேன் மிட்டாயை எடுத்து வந்து உன் கையில் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் மகன், "போதும்மா, வீட்டோட இரு" என்று உன்னை நச்சரித்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு இனிப்பு வாங்கியதெல்லாம் பெரும்பாலும் நான்தான், நீ கவனித்தாயோ என்னவோ. சாக்லேட், பால்கோவா, தேங்காய் பர்பி என்று தினம் ஒன்று புதிதாக வைத்தேன். நாளைக்கும் நீ வர வேண்டும் என்று வைத்தேன். நோய் உன்னுடையது, வாய் உன்னுடையது என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிப் பார்த்துவிட்டேன். என் பங்கு குறையவில்லை.

இப்போது உடலும் கரையும் ஒரே நிறமாக நெய்கிறேன். அதற்கு ஒருத்தி போதும். உன் இடத்தில் நூல்கண்டுப் பை இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் உன் மருமகள் கோயிலிலிருந்து திரும்பும்போது என் வீட்டில் அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். "அத்தை இன்னா பேசுவாங்க, சொல்லுங்க பெரிம்மா" என்பாள். பஞ்சு மிட்டாய்க் கதையை மூன்று முறை சொல்லிவிட்டேன், மூன்று முறையும் சிரித்தாள். வாரத்தில் என் வாசப்படி ஏறுகிற ஒரே ஆள் அவள்தான். உண்மையைச் சொன்னால் அதுவும் நின்றுவிடும். அதனால்தான் ஒவ்வொரு வெள்ளியும் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

அவள் கோபம் எத்தனை நாள் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உன் கோபம் தெரியும். அந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டி, இனிமேல் உனக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது என்று அன்றே நான் சொல்லியிருந்தால், முறைத்துக்கொண்டு போயிருப்பாய். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் வந்திருக்க மாட்டாய். அந்த மூன்று நாள் தனியாக உட்கார்ந்திருக்கப் பயந்துதான் நான் வாயைத் திறக்கவில்லை.