டியூபில் ஒரு ஓட்டை

அன்புள்ள என் மகளுக்கு,

உன் ரேஸ் சைக்கிள் குடும்பஸ்தன் ஆகிவிட்டது. வளைந்த ஹேண்டிலை எடுத்துவிட்டு நேர் ஹேண்டில், பின்னால் கேரியர், மட்கார்டு, மணி. மன்னார்புரம் ஆபீசுக்குத் தினமும் அதில்தான் போகிறேன். டாக்டர் என் தொப்பையை அப்படி ஒரு பார்வை பார்த்தார். முதல் நாளே எதிர்வீட்டுக் கமலவல்லி மாமி, "பாலத்துல பாத்துப் போங்கோ மாமா, ஆபீசுக்குப் பதிலா பரமபதம் போயிடப் போறேள்" என்று தெருவுக்கே கேட்க வழியனுப்பினாள்.

மாற்றிக் கொடுத்தவர் திருவானைக்காவல் ரசூல் பாய். பழைய டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"முள்ளு இப்படிக் குத்தாது சாமி. பக்கவாட்டுல ஊசி இறங்கியிருக்கு. யாரோ வேணும்னே குத்தியிருக்காங்க."

"காலம் கெட்டுக் கிடக்கு பாய்" என்றேன். வெட்கங்கெட்டவன் நான்.

மாநில அணித் தேர்வன்று காலையில் அந்த டயர் தட்டையாகக் கிடந்தது. நீ போய்ச் சேர்வதற்குள் பந்தயம் கிளம்பிவிட்டது. "நேத்து நான்தான்ப்பா ரோட்டைப் பாத்து ஓட்டல" என்று என் தோளிலேயே சாய்ந்து அழுதாய். நான் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் பெண் பார்க்க வரவிருந்தவர்கள், நீ தேர்வாகிவிட்டால் அரைக்கால் சட்டையில் உன் படத்தைப் பேப்பரில் பார்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஊசி அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தது. அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அவர்கள் வரவேயில்லை. நீயும் அதற்குப் பிறகு சைக்கிளைத் தொடவில்லை.

இதைப் போனில் சொல்ல ஏழு ஞாயிற்றுக்கிழமை முயன்று, ஏழு முறையும் மழையைப் பற்றித்தான் பேசினேன். இந்த ஞாயிறு, திட்டுவதற்காகவாவது கூப்பிடு.

உன்
அப்பா