பூஞ்சைக்கு நான் ஏற்றிய தேள் விஷம்

மார்கழி 9, வியாழன்

தங்கை மகள் வடிவு, பூச்சியைக் கொல்லும் பூஞ்சையை ஆராய்கிறவள். சீவலப்பேரியில் சுடலை அண்ணாச்சியின் நெல்வயலில் அதைத் தெளித்துச் சோதித்துப் பார்க்கிறாள். போன வாரம் டீக்கடையில் நான், “அந்தப் பூஞ்சைக்குள் தேள் விஷம் ஏற்றியிருக்கிறோம், யோசனை என்னுடையது” என்று சொல்லிவைத்தேன். கடையே வாயைப் பிளந்தது.

அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவி, இன்று களையெடுக்க வந்த பெண்கள் வயலில் இறங்க மறுத்துவிட்டார்கள். “உன் சோதனையே வேண்டாம் தாயி, நான் மருந்தடிச்சுக்கிடுதேன்” என்றார் அண்ணாச்சி. வடிவுக்கு முகம் செத்துவிட்டது. அவளுடைய ஒரு வருட உழைப்பு.

வேட்டியை மடித்துக் கட்டிச் சிங்கம் போலச் சேற்றில் இறங்கினேன். “பாரும்வே, தேளும் இல்ல, விஷமும் இல்ல!”

வரப்பில் நின்ற ஒருத்தி, “இவுகளைக் கொட்டுனா தேளுல்லா செத்துப்போவும்!” என்றாள். சிரித்துக்கொண்டே எல்லாரும் இறங்கிவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் வடிவு பைய சொன்னாள்: “இது சாதாப் பூஞ்சைதான் மாமா. இன்னும் சீக்கிரம் கொல்லணும்னு இதோட மரபணுவை ஆய்வகத்துல நெசமாவே மாத்திட்டு இருக்கோம். ஒருநாள் அதைக் கொண்டாந்து, பயப்படாதீங்கன்னு சொன்னா, இவுக நம்பணும்லா?”

அன்றைக்கும் நானே முதலில் இறங்கிக் காட்டுவேன் என்று வாய் வரை வந்தது. அதற்கு முன் டீக்கடையில் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.