ஊளையிடும் கிடார்

தை, வெள்ளி இரவு

ஒத்திகைக்கு வந்த அண்ணனின் கச்சேரிக் குழுவுக்கு டீ கொடுக்கக் குனிந்தபோது என் தாவணி முனை கிடாரின் இரண்டு துளைகளில் ஒன்றின்மேல் விழுந்தது. உடனே அதன் ஊளை அடங்கியது. வேறு யாரும் கவனிக்கவில்லை.

தஞ்சாவூரில் வீணை செய்பவர் ஒருவர் அண்ணனுக்காகப் பலாமரத்தில் செய்து தந்த கிடார் அது. உள்ளே வெற்றுக்கூடு. கம்பிகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வை ஸ்பீக்கருக்கு அனுப்பும் மூன்று பிக்கப். ஸ்பீக்கரில் சத்தம் கூட்டினால் ஊளையிடுகிறது.

"மூணு பிக்கப் எதுக்குடா, மூணு பேர் சேந்து வாசிக்கவா?" என்றார் தபலாக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

குழுத் தலைவர் சிரிக்கவில்லை. "பாக்க ஜோராத்தான் இருக்கு தம்பி. நாளைக்குக் கச்சேரியில கத்துச்சுன்னா உனக்குப் பதிலா சீர்காழிப் பையனை வச்சுக்குவேன்."

"இந்தக் கட்டையில நாலு மம்மட்டிக்குக் காம்பு போட்டிருக்கலாம்" என்றார் அப்பா. மம்மட்டிக்கும்தான் வேலை இல்லை. கூலித் தகராறில் அறுப்போடு எல்லா வயல்வேலையும் நின்றுவிட்டது. வயலில் போலீஸ் நிற்கிறது. அண்ணன் வாசிப்பதால்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

அத்தனை ஆண்கள் முன்னால் எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் போன பிறகு, தாவணி பட்டதும் ஊளை நின்றதை அண்ணனிடம் சொன்னேன்.

"உனக்கு என்னடி தெரியும்? போய்ப் படு" என்றான். இப்போது கிடார் பக்கத்திலேயே தூங்கிவிட்டான்.

துணி அடைத்தால் ஊளையோடு ஓசையும் செத்துவிடுமோ? காலையில் என்னை என்ன சொல்வானோ?

வீட்டில் அதிகப்படியாக இருந்த துணி என் பள்ளிக்கூட நீலத் தாவணி ஒன்றுதான். எட்டாவதோடு என் படிப்பை நிறுத்தியபோது, திரும்பப் போவேன் என்று மடித்து வைத்தது. பெட்டியிலிருந்து எடுத்தேன். இரண்டாகக் கிழித்து, இரண்டு துளைகள் வழியாகவும் உள்ளே திணித்தேன்.