சீலர் காயும்வரை

நவ. 10, திங்கள்
காலையிலிருந்து கிள்ளானில் மழை. டைல்ஸ் ஒட்டிய அண்ணன் இன்றும் வரவில்லை. போன் அடித்தால், "வந்துக்கிட்டே இருக்கேன்க்கா." போன வாரத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறார். பின்னால் வேறு யார் வீட்டிலோ கல் வெட்டும் சத்தம்.

டைல்ஸ் இடுக்கெல்லாம் திறந்து கிடக்கிறது. கிரவுட் பூசி அடைக்கணும். அது காய்ந்தபின், தண்ணீர் இறங்காமல் மேலே சீலர். அடுத்த திங்கள் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். சர்க்கரைக்கு ஒரு காலைக் கொடுத்தாயிற்று. இனி மாடிக் குளியலறைக்கு ஏற முடியாது. பார்க்கப் போனபோது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "மருமக குளிப்பாட்டி விடணும்னா, என்னை ஹோம்ல சேர்த்துடுங்க."

அதனால்தான் கீழே இந்தக் குளியலறை. படி கிடையாது, சுவரில் கைப்பிடி, சக்கர நாற்காலி நேராக உள்ளே.

நவ. 11, செவ்வாய்
நானே பூசினேன். இவருக்கு நைட் ஷிப்ட், பகல் முழுக்கக் குறட்டை. பூசினதும் ஈரப் பஞ்சால் துடைக்கணும் என்று ஹார்டுவேர் கடை அங்கிள் படித்துப் படித்துச் சொன்னார். நடுவில் கேஸ் லோரி வந்து தொலைந்தது. திரும்பிப் போனால் டைல்ஸ் முழுக்க விபூதிப் பட்டை. தேய்த்துத் தேய்த்து முட்டி போச்சு.
வாங்க: பஞ்சு, கையுறை, சீலர், அத்தைக்கு மூட்டுவலித் தைலம்.

நவ. 12, புதன்
மழை. காயவில்லை. ஃபேன் வைத்தேன். அத்தைக்குக் கரண்ட் பில் கவலை. கதவில் கயிறு கட்டியாச்சு. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

நவ. 14, வெள்ளி
கத்திவிட்டேன். கத்தாமல் கொஞ்சுவதா? நான் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம், அத்தை கயிற்றை அவிழ்த்து, மஞ்சள் தண்ணியை மூலைக்கு மூலை தெளித்திருக்கிறார்.
"கால் போன மனுசன் நுழையற ரூமு. மங்களமா இருக்கட்டும்னுதான்..."
மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் என்ன ஆகும்? ஆரத்தி. என் வெள்ளைக் கிரவுட்டிலும் சுண்ணாம்பு இருக்கிறதே, மூலையெல்லாம் ஆரத்திச் சிவப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தும் அசையவில்லை. அத்தை சாப்பிடவில்லை. நானும்தான்.

நவ. 16, ஞாயிறு
சிவப்போடு சிவப்பாகக் காலையில் சீலர் அடித்தேன். நாளை வரை நனையக்கூடாது என்று பாட்டிலில் போட்டிருக்கிறது. நல்லவேளை, மாமா வருவது நாளைக்குத்தானே என்று உட்கார்ந்தேன்.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். கட்டில் பத்தவில்லையாம், இன்றைக்கே கூட்டிப் போகணுமாம். தலையில் அடித்துக்கொண்டேன்.

வாசலில் அத்தை ஆரத்தி எடுத்தார், இந்த முறை தட்டில். மாமா உள்ளே வந்ததும், "ஆஸ்பத்திரி வாடை தாங்கலம்மா. குளிக்கணும்."

இன்னும் காயலப்பா, இன்றைக்கு ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன் என்றார் இவர். மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

போய்க் கயிற்றை அவிழ்த்தேன். சீலர் போனால் மயிரே போச்சு, இன்னொரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, சுடுதண்ணீரைக் கை வைத்துப் பார்த்து வெளியே வந்தேன்.

"தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்க மாமா."

போட்டுவிட்டார்.