கயிற்றுக்கு இந்தப் பக்கம்

அரிப்பு,
2014 ஆவணி 8.

மகன் டிலோஜனுக்கு அம்மா எழுதுவது,

சுகம் விசாரிக்கிற வரிகளை இந்த முறை விட்டுவிட்டேன். நீ சுகமாக இருப்பதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தாயிற்று. லண்டனில் இல்லை, நீர்கொழும்புக் கடற்கரையில். போன திங்கட்கிழமை மத்தியானம், நீலக் காற்சட்டையோடு சாய்மனைக் கதிரையில் கிடந்தாய். வயிறும் கொஞ்சம் வைத்திருக்கிறது.

பயப்படாதே, ஒருவருக்கும் சொல்லவில்லை. தங்கச்சி டிலோஜினிக்கும் தெரியாது. தொலைபேசியில் கேட்கலாம் என்றால் அவள் எப்போதும் பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு நிற்பாள். அதுதான் கடிதம். இது லண்டனில் உன் வீட்டுக்கு வரும்போது நீயும் ஹோட்டலை விட்டுப் போய்ச் சேர்ந்திருப்பாய். ஊருக்கு வர டிக்கெட்டுக்குக் காசில்லை, லீவும் இல்லை என்று நீ சொன்னதை நம்பித்தானே புது வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு இன்னும் தகரக் கொட்டிலுக்குள் வெந்துகொண்டிருக்கிறேன்? மூத்த மகன் வந்து இருதய ஆண்டவர் படத்தைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போனால்தான் வீடு மந்திரித்துக் குடிபுகலாம் என்று சுவாமியாருக்கும் தவணை சொல்லிக்கொண்டு வருகிறேன். எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

மரியாயின் சேனைச் சங்கத்துப் பெண்களாகச் சேர்ந்து தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போனோம். காசுக்குப் பொறுப்பு நான் என்றால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே. வஸீரின் பழைய பஸ்ஸைப் பேசி, அரிசி, தூள், கருவாடு, விறகு எல்லாம் ஊரிலிருந்தே ஏற்றினோம். கடைச் சாப்பாடும் கிடையாது, அறையும் கிடையாது. கோயில் வளவில் மரத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தோம். ஒருத்தியையும் ஒரு சோடா வாங்க விடவில்லை. ‘இவவோடை மோட்சத்துக்குப் போனாலும் சோத்துப் பானையோடைதான் போகவேணும்’ என்று பிரான்சிஸ்கா சொல்ல, பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. மிச்சம் பிடித்த காசு இருக்கிறது, தேவத்தைக் கோயில் மாதாவையும் கும்பிட்டு, வரும் வழியில் நீர்கொழும்புக் கடலும் பார்ப்போம் என்று நான்தான் சொன்னேன். என்ரை வாய்! கடற்கரையில் பிறந்து வளர்ந்ததுகளுக்குக் கடல் பார்க்க ஆசை, பார்.

சாப்பிட்டு முடிந்து சங்கத்துப் பானையை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பெரிய ஹோட்டல். அதன் கரையைக் கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். கயிற்றுக்குக் கீழால் ஒரு சின்னப் பெட்டை குனிந்து வந்து, என் முன்னால் நின்று பானையைப் பார்த்தாள். முன்பல் இரண்டும் இல்லை. நாடியில் செத்துப்போன உன் அப்பாவின் அதே குழி. நீ நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பிய பிள்ளையின் படத்தைச் செபமாலைக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் பார்க்கிறவள் நான். ஆனாலும் வெயிலில் எனக்குத்தான் கண் பிசகிவிட்டது என்று நினைத்து, பெயரென்ன பிள்ளை என்று கேட்டேன். ‘அபிசா’ என்றாள். ஐயோ மாதாவே, என்ரை பேத்தி!

மடியில் முடிந்து வைத்திருந்த பனங்கட்டியில் ஒரு துண்டு கொடுத்தேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் உன் சத்தம் கேட்டது. ‘அபி, அங்கை போகாதை! கண்ட ஆக்களிட்டை ஒண்டும் வாங்கித் தின்னாதை!’ என்று கத்திவிட்டு மறுபடி சாய்ந்துவிட்டாய். கறுப்புக் கண்ணாடிக்குள்ளால் என்னைத் தெரியவில்லையோ, பானை கழுவுகிறவளின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்று விட்டாயோ, எனக்குத் தெரியாது. மருமகள் வசந்தமலர் தண்ணீருக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை பனங்கட்டியோடு ஓடிவிட்டாள்.

கூப்பிட வாய் வந்தது, விழுங்கிவிட்டேன். பிரான்சிஸ்கா கண்டால் பஸ் புத்தளம் தாண்டுமுன் அரிப்பு ஊர் முழுக்கக் கதை பரவிவிடும். சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, காவலாளி எழும்பச் சொல்கிறான் என்று பொய் சொல்லி, குளிக்க இறங்கினவர்களை ஈரத்தோடு பஸ்ஸில் ஏற்றினேன். என்னைத் திட்டாத திட்டில்லை. பானையைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது சிலாபத்தில்தான் நினைவு வந்தது.

வரும் வழியில் பஸ் ஓட்டிய வஸீரிடம் சும்மா கேட்பது போல, அந்த ஹோட்டலுக்கு வருகிற ஆட்கள் பெரிய காசுக்காரரோ என்று கேட்டேன். ‘இல்ல அக்கா, பிளேன் டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் ஒண்டாச் சேத்து மலிவா விக்கிறாங்க. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறதவிட அதுதான் லாபம்’ என்று சிரித்தான். அவன் பகிடிக்குத்தான் சொன்னான்.

வீட்டுக்கு வந்து பாயைக்கூட உதறவில்லை, நீ அழைத்தாய். ‘இங்கை ஒரே மழையம்மா, இப்பதான் வேலையாலை வந்தனான்’ என்றாய். நானும் விடாமல், ‘தலையைத் துடை ராசா, தடிமன் பிடிக்கும்’ என்றேன். உன் மழைக்குப் பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

உன் பக்கமும் யோசித்தேன். போன முறை வந்தபோது கொண்டுவந்த பெட்டியெல்லாம் பின்னேரத்துக்குள் காலி. எமிலியானுஸ் சித்தப்பாவுக்கு வள்ளத்து எஞ்சின், கோயிலுக்கு ஒலிபெருக்கி, சொந்தம் முழுவதையும் வான் பிடித்து மடுக் கோயிலுக்குக் கூட்டிப் போன செலவு. கடைசியில் கைக்கடிகாரத்தையும் ஒருத்தன் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு போனான். ஊரில் கால் வைத்தால் உன்னை உரித்துத்தான் அனுப்புவார்கள். விளங்குகிறது. ஆனால் அதை என்னிடம் சொன்னால் என்ன? பெற்றவளுக்கும் மழைக்கதை சொல்ல வேண்டுமா?

சரி, சிக்கனம்தான் உன் பிரச்சினை என்றால் அதில் உன் அம்மாவை வெல்ல ஆளில்லை. அடுத்த முறை ஒரு தோள் பையோடு வா. சொக்லேட், சென்ற், சீலை ஒன்றும் வேண்டாம். நீர்கொழும்பில் புத்தளம் பஸ் எடு, புத்தளத்தில் மாறிச் சிலாவத்துறைக்கு வா. சந்தியில் நான் நிற்பேன். கேட்கிற சனத்துக்கெல்லாம், ‘என்ரை பிள்ளைக்கு வேலை போயிட்டுது, வெறுங்கையோடை வந்து நிக்கிறான்’ என்று ஒப்பாரி வைக்கிறேன். பிறகு ஒருத்தரும் கிட்ட வரமாட்டார்கள். வந்தால் எமிலியானுஸ் எஞ்சினைத் திருப்பித் தர வருவார்! நீ படத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போ, சுவாமியார் தண்ணீர் தெளிக்கட்டும், அடுத்த நாளே திரும்பி உன் ஹோட்டலுக்குப் போ.

அதுவும் உனக்கு ஏலாது என்றால், அடுத்த வருஷமும் அங்கேயே வா. வருகிற நாளை மட்டும் எனக்குச் சொல். பஸ் பிடித்து வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். உள்ளே வரக் கேட்கமாட்டேன்.

மடு மாதா உன்னையும் மருமகளையும் பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அவளுக்குப் பனங்கட்டி பிடித்ததோ என்று எழுது. அடுத்த முறை அவள் கயிற்றைத் தாண்டி வந்தால், அங்கே இருக்கிறது கண்ட ஆள் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பு, ராசா.

உன்னைப் பெற்ற
றஞ்சிதம்