பனியில் காணாமல் போன மாப்பிள்ளை

டோர்ட்மண்ட்,
மே 3.

அன்புள்ள யூட்சனுக்கு,

அரியரத்தினம் எழுதுவது. கையெழுத்தைக் கண்டதும் கிழித்துப் போடாதே. வாட்ஸப்பில் நீ என்னை மூன்று வருடமாக மறித்து வைத்திருக்கிறாய். அதனால்தான் ஒன்றரை மணித்தியால ரயில் தூரத்தில், பான் நகரில் இருக்கிற உனக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறேன். நீயும் றீற்றாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே என் மனுசி செல்லத்துக்கு முழங்கால் நோ. எனக்கு மானம் போனதைத் தவிர வேறு வருத்தம் இல்லை.

மகள் வேணுஜாவுக்கு யூன் 13 கலியாணம். மாப்பிள்ளை கவிஷன் தெற்கே கார்ஹிங் நகரில் ஆராய்ச்சி செய்கிறான், தங்கமான பிள்ளை. மண்டபத்தில் பெரிய திரையில் போடுவதற்குப் பனிமலையில் அவுட்டோர் வீடியோ வேண்டுமென்றார்கள். வேறு ஆளைப் பிடிப்போம் என்றாள் செல்லம். உன்னோடு சேர்ந்து ஊரார் கலியாணமெல்லாம் எடுத்தவன், என் பிள்ளைக்கு இன்னொருவனைக் கூப்பிடுவதா? நானே கமராவைத் தூக்கினேன்.

போன சனிக்கிழமை கார்மிஷ் ஊருக்கு மேலே பனிமலையில் ஏறினோம். கண்ணைத் திறக்க ஏலாத வெள்ளை. ஆனால் கமராத் திரையில் எல்லாம் இருட்டு. வெயிலுக்குள் திரை அப்படித்தான் காட்டும், அதை நம்பாதே என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய்! "முகம் வெளிச்சமா வரவேணும் அண்ணை" என்று மண்டபங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய கை, தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. கவிஷனின் பட்டுவேட்டி, சட்டை, சால்வை முழுக்கத் திரையில் வரிவரியாகக் கோடு ஓடியது. வெளிச்சம் கூடிப்போச்சு என்று கமரா கத்துகிற கோடு அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? வடிவில்லை என்று கோட்டை நிற்பாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, சம்பந்தியம்மா பிரபாலினியையும் இருத்தி வைத்து டிவியில் போட்டேன். ஐயோ யூட்சன்! பனியும் வேட்டியும் ஒரே வெள்ளை. மாப்பிள்ளையைக் காணோம். சிவப்புச் சேலையில் வேணுஜா நடக்கிறாள், பக்கத்தில் ஒரு தலையும் இரண்டு கைகளும் மிதந்து வருகின்றன. தலை சிரிக்க வேறு செய்கிறது. "அண்ணை, என்ர மகன்ர மிச்சம் எங்கை?" என்று சம்பந்தியம்மா கேட்டா. செல்லம் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்ச் சிரித்தாள். வேணுஜா அழுதேவிட்டாள். "யூட்சன் மாமா நிண்டிருந்தா இப்பிடி வந்திருக்குமோ அப்பா?" என்று கேட்டாள்.

பிறகு கமராப் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். கிழிந்த உட்துணிக்குள் உன்னுடைய கறுப்புப் பில்டர் கிடந்தது. லென்சில் மாட்டினால் கறுப்புக் கண்ணாடி போட்டதுபோல வெளிச்சத்தைக் குறைக்குமே, அதேதான். மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சாமத்தியச் சடங்கு வீட்டில் நீ அதைக் கேட்டபோது, அத்தனை சனத்துக்கு நடுவில், "நீயே துலைச்சுப்போட்டு என்னைக் கள்ளனாக்கிறியோ?" என்று குதித்தேன். நீ உன் பையைத் தூக்கிக்கொண்டு போனாய். துலைத்தவன் நான்தான் மச்சான். வெட்கமாக இருக்கிறது.

மே 16 திரும்பவும் மலைக்கு ஏறுகிறோம். அதற்குப் பிறகு கவிஷனுக்கு லீவு இல்லை, பனியும் எங்களுக்காகக் காத்திராது. பில்டரை இந்த உறைக்குள் வைத்து அனுப்பச் சொன்னாள் செல்லம். நான் வைக்கவில்லை. வந்து வாங்கிக்கொள். 15ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை எங்கள் ரயில் பானில் இரண்டு நிமிடம் நிற்கும். கதவடியில் நிற்பேன். உனக்கும் ஒரு சீட் பதிந்திருக்கிறேன், ஜன்னல் பக்கம்.

உன் மாதாவும் என் முருகனும் உன் வீட்டைக் காக்கட்டும். நீ வராவிட்டாலும் காக்கட்டும். ஆனால் வாடா.

உன்,
அரியரத்தினம்